வயது கேட்கும் கடை: களுவாஞ்சிகுடியில் ஒரு பலசரக்குக் கடை பற்றிய மதிப்பீடு

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ள களுவாஞ்சிகுடியில், கல்முனைக்குச் செல்லும் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாகப் பிரியும் ஒரு குறுக்கு வீதியின் முனையில் இருக்கும் பலசரக்குக் கடையில் நான் ஆறு ஆண்டுகளாகச் சாமான் வாங்கி வருகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அவர் திருப்பி அனுப்பியவர்களில் சிலர் இன்னும் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியது அந்தக் கடையின் அரிசியோ பருப்போ அல்ல. வாங்க வருபவரின் வயதைக் கேட்டு, அந்த வயதுக்காரருக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதை அறிந்து நடக்கும் கடை இந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரிந்தவரை இது ஒன்றுதான். முப்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், பிள்ளைகளைக் காக்கும் சட்டங்கள் எங்கள் ஊர்களில் எந்த இடத்தில் உயிர் பெறுகின்றன, எந்த இடத்தில் செத்துப்போகின்றன என்பதை நான் நெடுங்காலம் கவனித்து வந்திருக்கிறேன். அவற்றின் தலைவிதி பெரும்பாலும் ஒரு கடை மேசையின் முன்னால்தான் தீர்மானமாகிறது என்பது என் கருத்து.

பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டரிசியும் சம்பாவும் கல் பொறுக்கத் தேவையில்லாத அளவுக்குச் சுத்தமானவை. மிளகாய்த்தூள் மணமாக இருக்கும். செவ்வாயும் வெள்ளியும் எருமைத் தயிர் சட்டிகளில் வரும். காலை பத்து மணிக்குப் பிறகு போனால் கிடைக்காது. கருவாடு வாங்குவதானால் சந்தைக்கே போவது நல்லது. தராசின் முகம் வாங்குபவர் பக்கம் திரும்பியிருக்கும், பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு சதமும் கேட்பதில்லை. பிள்ளைகள் தனியாக வந்தால் மிச்சக் காசைப் பற்றுச்சீட்டில் சுற்றி, அதன்மேல் இறப்பர் வளையம் போட்டுக் கையில் கொடுப்பார். வீட்டுக்கு வந்து பிரித்து எண்ணிப் பார்த்தால் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை.

சிகரட் இந்தக் கடையிலும் விற்கப்படுகிறது. விற்காமலே விட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். ஆனால் மற்றக் கடைகளில் போலப் பெட்டிகள் ரொபிப் போத்தல்களுக்கு அருகே பிள்ளைகளின் கண்மட்டத்தில் அடுக்கப்பட்டிருக்கவில்லை, பற்றவைப்பதற்கென்று கம்பத்தில் கயிற்றில் கட்டிய லைட்டரும் தொங்கவில்லை. மேசைக்குக் கீழே பூட்டுப் போட்ட சிறிய மர அலுமாரி ஒன்றில் அவை இருக்கின்றன. பெட்டியின் 80 வீதத்தைப் படத்துடன் கூடிய எச்சரிக்கை மூடியிருக்க வேண்டும் என்ற விதி 2015ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் உதிரியாக ஒன்றிரண்டு வாங்கும் பொடியன்களின் கைக்கு அந்தப் பெட்டியே போவதில்லை என்பதால், எச்சரிக்கை பெட்டியோடு கடையிலேயே நின்றுவிடுகிறது. மென்று துப்பும் புகையிலைக் கலவைப் பைகள் 2016இலேயே தடைசெய்யப்பட்டவை. அவற்றை நான் இங்கே ஒருநாளும் கண்டதில்லை.

தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபைச் சட்டம் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டமாகும். அதன்படி 21 வயதுக்குக் குறைந்த ஒருவருக்குப் புகையிலை உற்பத்தியையோ மதுசாரத்தையோ விற்பது குற்றம். இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று: இந்தச் சட்டம் வாங்க வந்த பிள்ளையின் மீது குற்றம் சுமத்தவில்லை, விற்பவரின் கையைத்தான் பிடிக்கிறது. எங்கள் ஊரில் பலர் இதைத் தலைகீழாகவே விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். சிகரட்டோடு பிடிபட்ட மாணவனை முழங்காலில் நிறுத்துவார்கள். அவனுக்கு அதை விற்றவரிடம் ஒரு சொல் கேட்கமாட்டார்கள். உரிமையாளரும் முன்பு அப்படித்தான் இருந்தாராம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் நடத்திய சோதனையில் அகப்பட்டு நீதிமன்றத்தில் தண்டம் கட்டிய அன்றுதான் அந்த வயது 18 அல்ல, 21 என்பதே தமக்குத் தெரிந்தது என்று என்னிடம் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். தண்டம் கட்டியவர்களில் பெரும்பாலோர் அடுத்த வாரமே பழையபடி விற்கத் தொடங்குவார்கள். இவர் அந்த வயது விதியை ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டார்.

அந்தப் பலகைக்கு அடுத்தபடியாக நான் பாராட்டுவது ஒரு துண்டுச் சீட்டு. அது உருவானதற்கு எங்கள் குடும்பமும் ஒரு காரணம் என்பதால் அந்தக் கதையைச் சொல்கிறேன். என் தங்கையின் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. ஒரு வெள்ளிக்கிழமை அவனைத் தயிருக்கு அனுப்பியபோது, அவனுடைய அப்பப்பா தமக்கு இரண்டு சிகரட்டும் வாங்கி வரச் சொல்லிக் காசைக் கையில் வைத்துவிட்டார். கடையில் ஆட்கள் நிறைந்து நின்ற நேரம். "இந்த வயசில உனக்கு இது கேக்குதா?" என்று உரிமையாளர் உரத்த குரலில் கேட்க, எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளை தயிருக்குக் கொடுத்த காசையும் மேசையிலேயே விட்டுவிட்டு ஓடிவந்து, வீட்டுப் பின்பக்கத்துக் கிணற்றடியில் இருந்து அழுதான். "பெரியம்மா, நான் எனக்குக் கேக்கல்ல" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கொடுக்க மறுத்தது முழுக்கச் சரி. அந்தப் பிள்ளையை நாலு பேர் முன்னால் குற்றவாளியாக்கியது முழுக்கப் பிழை. மறுநாள் போய் இதை அவரிடம் நேரில் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்; மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, உள்ளங்கை அளவில் வெட்டி அடுக்கிய ஒரு கட்டுச் சீட்டு மேசை லாச்சிக்குள் வந்திருந்தது. "ஐயா அல்லது அம்மா, இந்தப் பொருளை 21 வயதுக்குக் குறைந்தவர் கையில் கொடுக்கச் சட்டம் இடம் தராது. தாங்கள் நேரில் வந்தால் தருகிறோம். பிள்ளை எந்தப் பிழையும் செய்யவில்லை." கடைசி வரியைத் தாமே சேர்த்ததாகச் சொன்னார். இப்போது அப்படி ஒரு பிள்ளை வந்தால், குனிந்து, "மனே, இதக் கொண்டுபோய் வீட்டில குடு" என்று மெதுவாகச் சொல்லிச் சீட்டை நான்காக மடித்துக் கொடுக்கிறார். மற்றச் சாமான்களைக் குறைவில்லாமல் கட்டிக் கொடுக்கிறார். எங்கள் வீட்டுக் கிழவர் அந்தச் சீட்டைப் பார்த்து இரண்டு நாள் முறுகிக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் தாமாகவே தடியை ஊன்றிக் கடைக்கு நடந்தார்.

வளர்ந்தவர்களிடம் வயதை உறுதிசெய்யும் முறையையும் நான் அருகே நின்று பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் தேசிய அடையாள அட்டையைக் கேட்பார். 12 இலக்கங்கள் கொண்ட புதிய அட்டையில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு; அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அந்த எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே 032 என்றால் பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த ஆண், 532 என்றால் அதே நாளில் பிறந்த பெண். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டையை வைத்திருப்பவர்கள் எல்லோரும் எப்போதோ 21ஐக் கடந்துவிட்டார்கள் என்பதால் அதை அவர் வாங்கிப் பார்ப்பதுகூட இல்லை. ஒவ்வொரு தைமாதமும் அந்த ஆண்டுக்குரிய வரம்பை ஒரு காட்போட் மட்டையில் பெரிதாக எழுதி, தமக்கு மட்டும் தெரியும்படி மேசையின் உட்பக்கத்தில் ஒட்டிவைக்கிறார். கணக்குப் பார்க்க அவருக்கு மூன்று நொடிகூடப் பிடிப்பதில்லை.

ஒருநாள் மாலை, மேசன் வேலை முடித்துச் சீமெந்துப் புழுதியோடு வந்த ஓர் இளைஞர் இடுப்பில் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு சிகரட் கேட்டார். அட்டையைப் பார்த்த உரிமையாளர் தலையை ஆட்டினார், இருபது வயதுதான். "எனக்குப் பிள்ளையே இருக்கு அண்ணன், போன எலக்சனுக்கு வோட்டும் போட்டனான்" என்றார் அந்த இளைஞர். அவருடைய கேள்வியை நான் இலேசாகத் தள்ளிவிடமாட்டேன். 1989இல் பராய வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. 18 வயதில் வாக்களிக்கலாம், ஒப்பந்தம் செய்யலாம், பொது விவாகச் சட்டத்தின் கீழ் திருமணமும் செய்யலாம். அப்படிப்பட்டவரை ஒரு சிகரட்டுக்கு மட்டும் சிறுபிள்ளையாக நடத்துவது என்ன நியாயம்? நான் அதற்கு என் மனதில் கண்ட விடை இது: சட்டத்தில் உள்ள ஒவ்வொரு வயதும் வெவ்வேறு ஆபத்துக்குப் போட்ட வெவ்வேறு வேலி. வாக்குரிமை ஒருவருக்குக் கொடுக்கப்படும் உரிமை, அதைத் தாமதித்தால் அவருக்கு நட்டம். புகையிலை அப்படியல்ல, எவ்வளவு தாமதித்தாலும் அவருக்கு இலாபமே. இருபது வயது கடந்த பிறகு முதல் சிகரட்டைத் தொடுபவர்கள் குறைவு என்பதை என் வகுப்புகளில் இருந்து வளர்ந்து போன பிள்ளைகளிடமே கண்டிருக்கிறேன். அந்த இளைஞர் கடைசியில் குழந்தைக்குப் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனார். பக்கத்துக் கடையில் அவருக்குச் சிகரட் கிடைத்திருக்கும் என்பதையும் நான் அறிவேன். தனி ஒரு கடையால் ஆகக்கூடியது அவ்வளவுதான்.

வேலைக்கு ஆள் வைக்கும் விடயத்தில் இந்தக் கடைக்கு நான் முழுப் புள்ளி கொடுப்பேன். நான் படிப்பித்த காலத்தில் அறுவடை தொடங்கியதும் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்துப் பிள்ளைகளின் வரவு இடாப்பில் சிவப்புக் கோடுகள் நிறையும்; பதினான்கு, பதினைந்து வயதுப் பொடியன்கள் வயலுக்கும் அரிசி ஆலைக்கும் கடைகளுக்கும் போய்விடுவார்கள். கட்டாயக் கல்வி 5 முதல் 16 வயதுவரை என 2016இல் உயர்த்தப்பட்டபோது நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 14ஆகவே இருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை பாடசாலையில் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும், அதே பிள்ளையை வேலைக்கு வைக்கலாம் என்று இன்னொரு சட்டமும் சொல்ல, வீடு தேடிப் போன ஆசிரியர்கள் பெற்றோரிடம் பதில் சொல்ல முடியாமல் நின்றோம். 2021இல்தான், பெண்கள், இளம் ஆட்கள் மற்றும் சிறுவர்களை வேலைக்கு அமர்த்துதல் சட்டம் திருத்தப்பட்டு, அந்த வயதும் 16 ஆனது. ஆபத்தான வேலைகளுக்கு 18 வயதுக்குக் குறைந்தவர்களை எந்த நிலையிலும் வைக்கக் கூடாது.

இப்போது கடையில் நிற்கும் பையனுக்குப் பதினேழு வயது; சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்தவன். பிறப்புச் சான்றிதழின் பிரதியை வாங்கிப் பார்த்த பிறகே உரிமையாளர் அவனைச் சேர்த்தார். ஐம்பது கிலோ அரிசி மூட்டைகளை இறக்குவதற்கு வேறு ஆள் வருவார், இவன் அதில் கை வைப்பதில்லை. வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோக மோட்டார் சைக்கிள் இருந்தும், அனுமதிப்பத்திரம் எடுக்கும் வயது வரவில்லை என்பதால் துவிச்சக்கர வண்டியில்தான் போகிறான். மாலை ஆறு மணிக்கு அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, தம் பங்காக 12 வீதம் சேர்த்து ஊழியர் சேமலாப நிதிக்கும், தனியே 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் செலுத்துகிறார். பதினேழு வயதில் தன் பெயரில் ஒரு சேமலாப நிதிக் கணக்கு இருப்பதைச் சொல்லும்போது அந்தப் பையனின் முகத்தில் தெரிந்த நிமிர்வை நான் பார்த்தேன். எங்கள் பகுதியில் வயது வந்த கடை ஊழியர்கள் பலருக்கே அது இல்லை.

அடுத்தது களவு. கடைகளில் சிறு பிள்ளைகள் ரொபியோ சொக்கலேட்டோ எடுத்துச் சட்டைப்பைக்குள் வைப்பது எங்கும் நடப்பதுதான். இங்கும் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று அகப்பட்டது. பொலிசுக்கு அறிவிக்கச் சொன்னார்கள், சிசிரிவிக் காட்சியை முகநூலில் போடச் சொன்னார்கள். உரிமையாளர் இரண்டையும் செய்யவில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை குற்றப்பொறுப்பின் வயதை 8 என்று வைத்திருந்தது; 2018ஆம் ஆண்டின் திருத்தம் அதை 12ஆக உயர்த்தி, 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்றும் ஆக்கியது. ஆகவே அந்த ஒன்பது வயதுப் பிள்ளை செய்தது சட்டத்தின் கண்ணில் குற்றமே அல்ல. தாயை வரவழைத்து, கடையின் பின்கட்டில் இருத்தி, பிள்ளைக்குக் கேட்காத தூரத்தில் பேசி அனுப்பிவைத்தார்.

இதை நான் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், இதே பிரதேசத்தில் வேறொரு கடை, பதினொரு வயதுப் பிள்ளை ஒன்றின் முகம் தெளிவாகத் தெரியும் காட்சியைக் "கள்ளனைப் பாருங்கள்" என்று பரப்பியதை நான் அறிவேன். அந்தப் பிள்ளை என்னிடம் படித்தது. காட்சி ஊர் முழுவதும் கைபேசிகளில் சுற்றியது. பிள்ளை பாடசாலைக்கு வருவதை நிறுத்தியது. இரண்டு மாதம் கழித்து அம்மாவின் ஊருக்கு அனுப்பப்பட்டது. சிறுவர் நீதிமன்ற வழக்கில் பிள்ளையின் அடையாளத்தைப் பத்திரிகையில் வெளியிடுவதை 1939ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமே தடுத்திருக்கிறது. கைபேசி இல்லாத காலத்துச் சட்டத்துக்கு இருந்த கருணை, கையில் கமரா வைத்திருக்கும் எங்களுக்கு இல்லாமல் போவது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

கடன் கொப்பி பற்றியும் ஒரு வரி. பிள்ளை வந்து வாங்கினாலும் கணக்கு வீட்டுப் பெரியவரின் பெயரிலேயே எழுதப்படும், மாத முடிவில் அவரே வந்து கையொப்பமிட வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவரின் தலையில் கடன் ஏற்றுவதில்லை. "காசு தராவிட்டால் பார்" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புவதும் இல்லை.

பாடசாலை நேரத்தில் சீருடையின்றி அடிக்கடி வரும் பிள்ளையை அவர் கவனிக்கிறார். விசாரணை செய்வதில்லை, "பள்ளிக்குப் போகல்லயா மனே?" என்ற ஒரு கேள்வியோடு சரி. பதில் மனதுக்குச் சரியாகப் படாவிட்டால், பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்கிறார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் பலகையின் அடியில் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். ஒருமுறை அவர் அந்த இலக்கத்தை அழைத்ததையும், அதன் பயனாக ஒரு பிள்ளைக்கு உதவி கிடைத்ததையும் நான் அறிவேன். அதற்கு மேல் எழுதினால் இந்தச் சிறிய ஊரில் அது யார் என்று தெரிந்துவிடும் என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

குறைகள் இருக்கின்றன, அவற்றை மறைத்தால் இந்த மதிப்பீடு நேர்மையானதாகாது. முதலாவது, உரிமையாளர் இல்லாத நேரங்களில் அவருடைய தம்பி மேசையில் இருப்பார். அவர் காலத்தில் அலுமாரி பூட்டப்படுவதில்லை. சென்ற ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, டியூசன் கொப்பியைக் கையில் சுருட்டி வைத்திருந்த ஒரு மாணவனுக்கு ஒரு சிகரட் நீட்டப்பட்டதை நான் என் கண்ணால் கண்டேன். அதை உரிமையாளரிடம் சொன்னபோது அவர் தம்பிக்காகச் சாக்குச் சொல்லவில்லை; அன்று முதல் அலுமாரித் திறப்பைத் தம் இடுப்பிலேயே வைத்திருக்கிறார். அதனால் அவர் இல்லாத நேரத்தில் 60 வயதுக்காரருக்கும் சிகரட் கிடையாது. அதனால் நட்டம் வருகிறது என்று தம்பி முணுமுணுக்கிறார். வரட்டும்.

இரண்டாவது குறை நுணுக்கமானது. கடையில் உரிமையாளரின் சொந்த விதிகளும் சில இருக்கின்றன. பிள்ளைகளுக்குத் தின்னர் விற்கமாட்டார், பசை விற்கமாட்டார், ஊக்கபானம் கொடுக்கமாட்டார், இரவு ஏழு மணிக்குப் பிறகு தனியாக வரும் பிள்ளைக்குக் கைபேசி றீலோட் போடமாட்டார். இவற்றில் சில நல்ல விதிகளே. ஆனால் கேட்கும் பிள்ளையிடம் "சட்டம் விடாது" என்று சொல்லிவிடுகிறார். நான் இதை ஏற்கவில்லை. சட்டம் சொல்லாததைச் சட்டத்தின் பெயரால் சொன்னால், அது பொய் என்று அறியும் நாளில் அந்தப் பிள்ளை உண்மையான சட்டத்தையும் சேர்த்தே தூக்கி எறியும். பெரியவர்கள் தம் வசதிக்குச் சட்டத்தைக் காட்டுவதைப் பிள்ளைகள் எங்களைவிட விரைவாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். "இது எங்கட கடை முறை, மனே" என்று சொன்னால் போதும். கடைக்காரருக்கு அந்த உரிமை உண்டு.

மூன்றாவது, மாலை ஐந்து முதல் ஆறரைவரை நெரிசல் அதிகம். அட்டை பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நிற்பவர்கள் பொறுமை இழக்கிறார்கள். அவசரமாகச் சாமான் வேண்டுமானால் அந்த நேரத்தைத் தவிர்க்கவும்.

கடை காலை ஆறரைக்குத் திறந்து இரவு எட்டரைக்கு மூடப்படும். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிநேரம் பூட்டியிருக்கும். பிள்ளையைத் தனியே அனுப்புவதானால் வாங்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அந்தத் தாளிலேயே விலையையும் எழுதித் திருப்பி அனுப்புவார். பலகையை இரண்டாக்கி, ஒன்றில் சட்டத்தையும் மற்றதில் கடை முறையையும் தனித்தனியே எழுதித் தொங்கவிடும்படி நான் கேட்டிருக்கிறேன். "செய்வம் ரீச்சர்" என்றார். நேற்றுத் தயிர் வாங்கப் போனபோதும் ஒரு பலகைதான் தொங்கியது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அதன் அளவை எடுத்து வந்திருக்கிறேன்.